வேதாந்தம் மாமாவின் எதிர் ஓட்டு

மொட்டை மாடியில் மறுபடியும் அந்தச் சத்தம். சர்ர்... சர்ர்... கண்ணாடியை யாரோ சுரண்டுகிற மாதிரி.

மூன்று ராத்திரியாகக் கேட்கிறது. கணவர் கிரீஷ் பெங்களூரில். பயத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டதோடு சரி. இன்றைக்கு விடுவதாக இல்லை.

மாடியில் இருப்பது சோலார் பேனல்கள். அசோசியேஷனில் சண்டை போட்டு நான் வரவழைத்தவை. மின்வெட்டு நேரத்தில், அதன் பேட்டரியால் வீட்டுக்கு ஒரு ப்ளக் பாயின்ட் வேலை செய்யும். இரண்டு வயது ஸஹானாவுக்கு மூச்சிரைப்பு வந்தால் நெபுலைசர் ஓட அது போதும்.

ஆனால் சொன்ன அளவு கரண்ட் வரவில்லை. இந்த வாரக் கணக்கைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு. குறைந்தால் கழற்றிவிடுவார்கள்.

கழற்றச் சொல்வதில் முதல் ஆள் பக்கத்து ஃப்ளாட் வேதாந்தம் மாமா. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் முப்பது வருஷம் இருந்தவர்.

"அணு உலை மழைக்கெல்லாம் லீவு போடாதும்மா. உன் சூரியன் சாயங்காலம் ஆறு மணிக்கே ஆபீஸை மூடிடறான்!" என்பார்.

"உங்க உலை வெடிச்சா மயிலாப்பூருக்கே லீவுதான் மாமா!" என்று நானும் விட்டதில்லை.

தூங்கும் ஸஹானாவைத் தோளில் போட்டுக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு மாடி ஏறினேன்.

இருட்டில் பேனல்மேல் குனிந்திருந்தது, வேதாந்தம் மாமாவேதான்!

"ஓட்டுல ஜெயிக்க இப்படியா மாமா? கண்ணாடியைச் சுரண்டி நாசம் பண்றீங்களே!"

"கத்தாதே. குழந்தை முழிச்சுண்டுடும்." அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல், காலடியில் பக்கெட், ஈரத்துணி. "புறா எச்சம். காஞ்சு ஒட்டிண்டிருக்கு."

"ராத்திரியிலயா துடைப்பாங்க?"

"வெயில்ல கொதிக்கற கண்ணாடிமேல தண்ணி பட்டா விரிசல் விடும். சண்டை போட்டு வாங்கினியே, ஒருநாளாவது துடைக்கணும்னு தோணித்தோ?"

பேனல் வந்த இந்த நான்கு மாதத்தில் நான் மாடிப்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

"அப்போ ஞாயித்துக்கிழமை உங்க ஓட்டு எங்களுக்குத்தானே?"

"போடி! எதிராத்தான் போடுவேன். ஊருக்கே கரண்ட் குடுக்க இது போறாது. என் ஓட்டுல தோத்தா தோத்துட்டுப் போ. புறா எச்சத்துல தோக்காதே."

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு மாமா இதெல்லாம்?"

அவர் துணியைப் பிழிந்தார்.

"உன் பெட்ரூம் சுவருக்கு அந்தாண்ட என் கட்டில். கரண்ட் போற அன்னிக்குக் குழந்தை மூச்சுத் திணறறதைக் கேட்டுண்டு எப்படிடி தூங்கறது?"

ஸஹானாவை அவர் தோளுக்கு மாற்றிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு பேனலை நான் துடைத்தேன்.

வாசல்வரை குழந்தையைத் தூக்கிவந்து கொடுத்தார். "உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடு. சத்தம் கேட்டப்புறம்தான் நான் நகருவேன்."

மூன்று ராத்திரியாக இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு நாற்காலியும் முட்டுக்கொடுத்த கதவு. இன்றைக்குத் தாழ்ப்பாள் மட்டும் போட்டேன்.