ஆட்டுக்கும் இடம் உண்டு

வரைபடத்தில் எல்லா வீடுகளும் பச்சையாகிவிட்டன. ஆற்றோரத்தில் ஒன்று மட்டும் சிவப்பு.

புக்கிட் செலம்பாவ் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டத்தின் கடைசி வீடு. நவமணி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தனியாக இருக்கிறார்.

அரை மணி நேரத்தில் அந்தச் சந்து மூழ்கிவிடும் என்று ஆற்றின் அளவுகருவி காட்டியது.

அந்த வரைபடத்தைச் செய்தவள் நான். மாவட்ட அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்த கணினி மாணவி. ஆறு உயர்ந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் தானாக அழைப்பு போகும். வீட்டைவிட்டுக் கிளம்பியவர்கள் கைப்பேசியில் ஒன்று என்ற எண்ணை அழுத்த வேண்டும். உடனே அந்த வீடு பச்சையாகும்.

முதல் சோதனையில் தோட்டத்தில் ஒருவரும் அழுத்தவில்லை. தெரியாத எண், மலாய்க் குரல். ஸ்கேமர் என்று எல்லாரும் கட் பண்ணிவிட்டார்கள்.

அதனால் தமிழில் என் குரலைப் பதிந்து போட்டேன். “வணக்கம். மாவட்ட அலுவலகத்திலிருந்து இவாஞ்சலின் பேசுகிறேன்.”

வானொலியில் பேசுகிறவர் மாதிரி இருக்கிறதே என்றார் என் மேலதிகாரி, என்சிக் ரோஸ்லான்.

இப்போது யாரும் கட் பண்ணுவதில்லை. பதில் பேசுகிறார்கள். பதிவான குரல் என்று தெரியாமல், மாமியாரை ஏற்றிவிட்டேன் என்கிறார்கள். நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். நன்றி சொல்கிறார்கள். எல்லாம் கணினியில் பதிவாகிறது.

நவமணியின் பதிலைப் போட்டுக் கேட்டேன்.

“தங்கச்சி, நீ சொல்றது புரியுது. ஆனா என் ஆடு இன்னிக்குக் குட்டி போடப் போவுது. நிவாரண மையத்துக்கு ஐசி கார்டும் மருந்தும் மட்டும் எடுத்துட்டு வான்னா எப்படி? இத விட்டுட்டு வர்றதா? நீயே சொல்லு லா.”

பிறகு கொஞ்ச நேரம் மழைச் சத்தம். என் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

இரண்டாவது அழைப்பில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் ஒன்னு கேட்டா நீ மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கிற?”

என்சிக் ரோஸ்லான் தம் கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்த்தார். மலாயில் ஒரு சொல் பேசியதுமே கட்.

பொதுத் தற்காப்புப் படையின் லோரி சந்து முனையில்தான் நின்றது. ஆட்களோ தோட்டத்தின் மறுகோடியில், படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்டையும் ஏற்றலாமா என்று என்சிக் ரோஸ்லான் வாக்கிடாக்கியில் கேட்டார். பொலே, ஏற்றலாம், ஆனால் உடனே வரவேண்டும் என்று பதில் வந்தது.

இதை யாராவது நவமணியிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்டு நம்புகிற குரல் ஒன்றுதான் இருந்தது.

அந்தக் குரலை நான் ஒரே மூச்சில் பேசியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பேசினேன். உடையாமல் வந்தவற்றை மட்டும் வெட்டியெடுத்து, கணினியில் ஒட்டினேன்.

எனக்குப் பேச்சு திக்கும்.

நான் வேலைக்கு வந்த முதல் நாளே என்சிக் ரோஸ்லான் அதைக் கவனித்தார். எதுவும் கேட்கவில்லை. என் மேசையில் இருந்த தொலைபேசியைத் தம் மேசைக்கு எடுத்துப் போய்விட்டார். அதற்காகத் தினமும் மனசுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அதே தொலைபேசியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் எண்ணை அழுத்தினார்.

நவமணி உடனே எடுத்தார். தகரக் கூரையில் மழை. பக்கத்தில் ஆடு கத்தியது.

ஆட்டுக்கும் லோரியில் இடம் உண்டு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

முதல் எழுத்தே வரவில்லை. தொண்டையில் நின்றது. தள்ளினேன். பாதி வந்து, உடைந்து, மறுபடியும் நின்றது.

இந்த இடத்தில்தான் எல்லாரும் போனை வைத்துவிடுவார்கள். நானும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

“லைன் சரியில்ல போல, தங்கச்சி. மழைல்ல. அவசரமில்ல, மெதுவா சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்.”

தண்ணீர் அவர் வாசல்படியில் இருந்தது. அவசரமில்லையாம்.

மழைமேல் பழி விழுந்ததும் என் தோள்கள் இறங்கின. மெதுவாகச் சொன்னேன். எத்தனை துண்டாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. எதையும் வெட்ட முடியவில்லை, ஒட்டவும் முடியவில்லை.

“ஆட்டையுமா! இத மொதல்லயே சொல்லக் கூடாதா லா!”

போன் வைக்கப்பட்டது.

பத்து நிமிடம் கழித்து வாக்கிடாக்கி பேசியது. ஒரு பெண், ஓர் ஆடு. என்சிக் ரோஸ்லான் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். அந்த ஒரு வீட்டை மட்டும் நான் என் கையாலேயே பச்சையாக்கினேன்.

சாயங்காலம் மழை விட்டது. நிவாரண மையமாக மாற்றிய பள்ளி மண்டபத்துக்கு, ஆட்களைப் பதிவு செய்ய மடிக்கணினியோடு போனேன்.

வரிசையின் கடைசியில், துண்டில் சுற்றிய ஆட்டுக்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அக்கா நின்றிருந்தார். தாய் ஆடு அவர் காலடியில் ஈரமாகப் படுத்திருந்தது.

அவரிடம் போனேன். நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், நான் யார் என்று சொல்ல வேண்டும்.

என் பெயரின் முதல் எழுத்து நின்றுவிட்டது.

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே மழை இல்லை. எங்களுக்கு நடுவில் தொலைபேசியும் இல்லை.

நவமணி அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“இங்கயும் லைன் சரியில்ல போல,” என்றார்.

குட்டியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, நான் என் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை நின்றார்.