கோணல் கோடு

சளக்... சளக்... சளக்...

கண்ணைத் திறக்கும் முன்பே கோதண்டராமன் காதில் அந்தச் சத்தம்தான் விழுந்தது. ராத்திரி மழை. தெருத் தண்ணீர் மறுபடியும் வாசல் ஏறி உள்ளே வந்துவிட்டது. நடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஜக்கால் மொண்டு மொண்டு பக்கெட்டில் ஊற்றிக்கொண்டிருந்தாள் ஜோதியம்மாள். முட்டி வலி. அவளால் குனிய முடியாது.

"இன்னிக்கு ஒருநாள் பொறுத்துக்கோ ஜோதி. கால்வாய்க்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் வருவேன்."

"ஏங்க, கண்ணாடிய போட்டுக்கிட்டுப் போங்க!"

காதில் வாங்காமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். பூங்காவனம் நகர் சங்கத் தலைவர் லேட்டாகப் போனால் நன்றாகவா இருக்கும்?

வேங்கிக்கால் கல்யாண மண்டபத்தில் நகரமைப்பு அலுவலகம் கூட்டிய கூட்டம். வீடு கட்ட அனுமதி வாங்கும்போது ஜனங்கள் கட்டிய வளர்ச்சிக் கட்டணத்தை, இனிமேல் அந்தந்தப் பகுதிக்கே செலவு செய்யப் போகிறார்களாம். எது எந்தப் பகுதி என்று கோடு போட்ட படம் சுவரில் தொங்கியது. கோட்டுக்கு உள்ளே இருந்தால் கால்வாய் வரும், ரோடு வரும். வெளியே இருந்தால் வேடிக்கை பார்க்கலாம்.

நகரின் ஓரமாக நேரே வந்த கோடு, ஓரிடத்தில் மட்டும் கட்டைவிரல் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருந்து பார்க்கும்போதே தெரிந்தது.

பக்கத்தில் இருந்தவர் காதைக் கடித்தார். "அந்தப் பக்கம் ஆதிமூலத்தோட பிளாட்டுங்க காலியா கெடக்குது, தெரியுமில்ல?"

ஆதிமூலம் ரியல் எஸ்டேட்காரர். கோதண்டராமனுக்கு அது போதும். எழுந்தார்.

"மேடம், கோடு இன்னாத்துக்கு அங்க மட்டும் கோணுது?"

படம் வரைந்த கவிநிலா, வேலைக்குப் புதிதாக வந்த பெண், மைக்கை வாங்கினாள். "அங்க ஒரு வீடு இருக்குதுங்க சார். மழை பேஞ்சா தண்ணி உள்ள பூந்துடுது. விட்டுடக் கூடாதுன்னு..."

"கட்டணம் கட்டின வீடா?"

அவள் தயங்கினாள். "இல்லீங்க சார். அப்ரூவல் இல்லாத பழைய வீடு."

"நாங்க கட்டின காசுல கட்டாதவனுக்குக் கால்வாயா? தண்ணி பூந்தா அது அவன் தலையெழுத்து! யாரு வீடு அது?"

"சபையில பேரு வேணாம் சார். அவங்களுக்கு அசிங்கமாயிடும்."

"அசிங்கமா? நீ எவ்ளோம்மா வாங்கின? அதச் சொல்லு!"

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"கிரிவலம்னு மலைய சுத்தற ஊர்ல கோடு மட்டும் எப்படி தலைவரே நேரா போவும்?" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. கோதண்டராமன் சிரிக்கவில்லை.

"நேராக்குங்க. இல்லேன்னா எழுந்து போறோம்."

மேடையில் இருந்த மேலதிகாரி கவிநிலாவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக் கட்டைவிரலை வெட்டி, நேராக ஒரு கோடு இழுத்தாள். இந்த முறை கோடு கோணவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே அதே சத்தம். சளக்... சளக்...

"ஜோதி! நம்ம நகருக்குக் கால்வாய் வந்தாச்சு!"

அவள் முகம் மலர்ந்தது. "நெஜமாவா? அப்ப அந்தப் பொண்ணு சொன்ன வாக்கக் காப்பாத்திடுச்சு."

"எந்தப் பொண்ணு?"

"போன மழைக்கு அளக்க வந்துச்சே, கவிநிலான்னு. நீங்க அன்னிக்கு சங்கத்துக்குப் போயிருந்தீங்க. நான் மொள்றதப் பாத்துட்டு, ஜக்க வாங்கி அதுவும் கூட மொண்டு ஊத்திச்சு. கோடு நேரா போனா நம்ம வீடு வெளிய போயிடுதாம். உங்கப்பா அந்தக் காலத்துல அப்ரூவல் இல்லாம வயக்காட்டுப் பட்டாலயே கட்டிட்டாரே, அதனால. 'கவலப்படாதீங்கம்மா, உங்க வீட்டாண்ட மட்டும் கொஞ்சம் வளைச்சிடறேன்'னு சொல்லிச்சு. நீங்க ரூல் பேசுவீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்லல."

கோதண்டராமன் செருப்பைக் கழற்றிவிட்டு நடைத் தண்ணீரில் இறங்கினார்.

"கூட்டத்துல யாராவது கேட்டா இன்னா பண்றதுன்னு பயந்துகிட்டே போச்சு. யாரும் ஒண்ணும் கேக்கலயே?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இந்தாங்க, கண்ணாடி. இது இல்லாம படத்த எப்படித்தான் பாத்தீங்களோ!"

அவர் கண்ணாடியை வாங்கவில்லை. அவள் கையிலிருந்த ஜக்கை வாங்கினார்.

"நீ எழுந்திரு ஜோதி. நான் மொள்றேன்."

சளக்... சளக்...