மூன்றாம் நாள் கடல்

இடைவேளை முடிய இன்னும் ஒன்பது நிமிடம்.

நியூசிலாந்தில் அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் துணி துவைக்கும் அறை. சூடாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் முதுகைச் சாய்த்து, அவள் கைப்பேசியிடம் பேசுகிறாள். சொல்லச் சொல்ல அது எழுதிக்கொண்டே போகிறது.

“மொத நாளு மலை. கம்பியில தொங்குற வண்டியில மேல போறோம். பெரியப்பாவுக்கு முன்னாடி சீட்டு சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டாம் நாளு அருவி. பெரியப்பாவுக்கு முட்டி வலின்னு படி இல்லாத பக்கமாப் போறோம்.”

படித்துப் பார்த்தாள். பிழை இல்லை. பெரியப்பா இரண்டு இடத்தில், மரியாதையோடு.

இன்னொரு முறை படித்தாள்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த அந்த வீட்டில், அவர் சொல்லாமல் உலை கொதிக்காது. நியூசிலாந்துக்கு அவள் எடுத்த மூன்று டிக்கெட்டிலும் முதலாவது அவருக்கு. பிறகுதான் பெரியம்மா, அம்மா. அப்பா இப்போது இல்லை. விசா வந்துவிட்டது. பெட்டி வாங்கியாயிற்று. ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று.

அதுவரைக்கும் மூன்றாம் நாளைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

அவர் திறந்துவிட்டார். நேற்று அவர் அனுப்பிய குரல்பதிவை நாலு தடவை கேட்டிருந்தாள்.

“மலையும் அருவியும் பொம்பளைங்க பாத்துக்குங்க பாப்பா. எனக்குக் கடலக் காட்டு. மீன் ஏலக்கூடத்துல அத்தன பேருகிட்டயும் சொல்லிட்டேன், வெள்ளக்காரன் கடல்ல தூண்டி போடப் போறேன்னு. தூண்டி நரம்புகூட புதுசு வாங்கிட்டேன்.”

அது அவளுக்குப் பத்து வயதில் நடந்தது.

கரையில் நின்ற வீட்டுப் படகில் ஏறினாள். அப்பா மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கை உள்ளே வைக்க. வைத்துவிட்டு இறங்கியிருப்பாள்.

பொம்பளைக் கால் பட்டால் மீன் படாது என்றார் பெரியப்பா. கையைப் பிடித்து இழுத்து அலையில் இறக்கிவிட்டார். பெரியம்மாவைக் கூப்பிட்டார். மஞ்சள் தண்ணீர், ஒரு வாளி. அவள் கால் வைத்த பலகையில் அவரே ஊற்றித் தேய்த்தார்.

மொத்தக் கரையும் பார்த்தது.

அப்பாவும் பார்த்தார்.

பெரியம்மா மட்டும் பார்க்கவில்லை. காலி வாளியை வாங்கிக்கொண்டு, மணலைப் பார்த்தபடி நடந்தாள்.

அன்றைக்கு வலை கொள்ளாத மீன். மஞ்சள் தண்ணீரால்தான் என்றார் பெரியப்பா.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மஞ்சத்தண்ணி.

இன்னும் ஐந்து நிமிடம்.

மூன்றாம் நாளுக்கு நாலு பேர் போகிற போட்டும் இருந்தது. அதே துறை, அதே வாடகை. அவள் மூன்று பேர் போட்டைப் பிடித்தாள்.

போன வார விடுமுறையில் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள். கரையில் ஒரு பெஞ்சு. அதில் அரைமணி நேரம் உட்கார்ந்தாள். கிளம்புகிற படகு கண்ணுக்கு மறைகிறவரை தெரிகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் பெஞ்சில் இருப்பவரும் தெரிகிறார். வெயில் நேராக முகத்தில் அடித்தது.

அந்த இடம் போதும் என்று தோன்றியது.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“மூணாம் நாளு கடல். போட்டுல மூணு சீட்டுதான். அம்மா, பெரியம்மா, நான். ஓட்டுறது மெரேன்னு ஒரு அக்கா. கரையில பெஞ்சு இருக்கு. பெரியப்பா அங்க உக்காந்துக்கலாம். அங்கேருந்து கடல் நல்லாத் தெரியும்.”

வாய் நிற்கவில்லை. “மன்னிச்சுக்குங்க பெரியப்பா.”

அதுவும் எழுத்தாகி வந்து நின்றது.

அந்த இரண்டு வார்த்தையை மட்டும் அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாக.

விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. முப்பது வருடம் மீன்கூடை சுமந்த இரண்டு பெண்கள். ஒரு நாளும் படகில் உட்கார்ந்ததில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் மூன்றாம் நாளும் உட்காரமாட்டார்கள். அந்த பெஞ்சிலேயே, அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு அவள் மட்டும் போட்டில் ஏற வேண்டும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள்.

அங்கே காலை தேநீர் நேரம். மூவரும் ஒரே முற்றத்தில் இருப்பார்கள்.

அம்மா ஒரு கும்பிடு படம் போட்டாள். உடனே அழித்தாள்.

பெரியப்பா எழுதுகிறார் என்று காட்டியது.

நின்றது.

மறுபடி காட்டியது.

நின்றது.

இயந்திரம் ஓடி முடித்து அமைதியானது. இடைவேளை முடிந்து ஒரு நிமிடம் ஆகிவிட்டது.

பெரியப்பா எண்ணிலிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பதினோரு நொடி.

காதோடு வைத்து அழுத்தினாள்.

முதலில் தூரத்தில் அவர். “ஏய், போனக் கீழ வை.”

வைத்த சத்தம் கேட்கவில்லை.

பிறகு மிக அருகில், மூச்சு படுகிற அருகில், தனக்கென்று ஒரு போன் இல்லாத பெரியம்மா.

“எத்தன மணிக்குப் பாப்பா ஏறணும்?”

அதே மூச்சில் தொடர்ந்தாள்.

“அந்தப் பெஞ்சுகிட்ட ஒரு வாளி கெடைக்குமா? மஞ்சத்தூளு நான் கொண்டாறேன்.”