கேபிளைப் பிடித்திருந்தவள்

அம்மா பாடிப் பதிவுசெய்த பாட்டுகள் அந்தப் பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அம்மாவை அடக்கம் செய்த நாளோடு ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்ட பிளாரன்ஸும் அவள் தம்பி ஜெபசிங்கும் அதற்காகவே ஒரே அறையில் உட்கார வேண்டியதாயிற்று. பட்டனை அழுத்தினால் விசிறி மட்டும் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. ஜெபசிங் பெட்டியைத் திறந்து, ராம் எனும் மெமரி அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினான். திரை வந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் காணோம் என்றது. அதன் கேபிள் தளர்ந்துபோயிருந்தது.

“யாராவது இதை அழுத்திப் பிடிச்சுக்கணும்,” என்றான், அவளைப் பார்க்காமல்.

பிளாரன்ஸ் தரையில் அமர்ந்து பிடித்துக்கொண்டாள். பாட்டுகள் ஒவ்வொன்றாகப் பென் டிரைவுக்கு ஏறின. அவள் விரல்கள் மரத்துப்போயின.

“முடிஞ்சிருச்சு அக்கா. கையை எடு.”

அவள் எடுக்கவில்லை.

“ஒண்ணு போடு. இதுலயே கேப்போம்,” என்றாள்.