உரிமையாளர் தரப்பு

இணையதளங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அலுவலகம் அது. புகார் கொடுத்தவரிடம் தொலைபேசியில் பேசாமல் எதையும் முடிக்கக் கூடாது என்பது விதி.

“ஐயா, மறுபடியும் அதே தளமா?” என்றாள் அதிகாரி.

“வாய்க்கு வந்தபடி எழுதுறாங்கம்மா. கேக்க ஆளில்லையா? ஆமா, நீங்க சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு. உங்க தொல்லையும் தீர்ந்தது. இன்னைக்கே அதை முடக்கிடுறோம்.”

“முடக்கணுமா?” பெரியவரின் குரல் கம்மியது. “கண்டிச்சு விட்டாப் போதாதாம்மா?”

“நல்லா இருக்கே! நீங்கதானே ஒத்தக்கால்ல நின்னீங்க?”

இணைப்பைத் துண்டித்தாள். முடக்குவதற்கு முன் தளத்தின் உரிமையாளரையும் விசாரிக்க வேண்டும். தளத்தின் பெயரைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனம் அனுப்பியிருந்த அவரது எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே அதே பெரியவர் எடுத்தார்.

“ஐயா... அந்தத் தளம் உங்களோடதா?”

“ஆமாம்மா. புகார் கொடுத்தா நீங்களாவது கூப்பிடுறீங்க.”