காரணம் எழுதும் இடம்

"ஏன் கண்ணு, இந்தக் காரணத்தை யாரு போடுவாங்க? நானா வந்து போடோணும்?"

ஜெயபாரதி மேடம் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அந்த அறையில் தட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு கீபோர்டுகளும் சட்டென்று நின்றன.

விஜயராணி எழுந்து நின்றாள்.

பெருமாநல்லூரில் மேடத்தின் வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனி. கீழே மெஷின்களில் துணி ஓடும். மாடியில் மேடத்தின் மெடிக்கல் கோடிங் ஆபீஸ். அமெரிக்க ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும், அது எதனால் வந்தது என்பதற்கும் உரிய நம்பரைப் போட வேண்டும். அதுதான் வேலை.

"தைராய்டு கேன்சர், ஆபரேஷன் எல்லாம் போட்டுட்டேன் மேடம். காரணம் போடலைன்னாலும் பில்லு பாஸாயிரும்னுதான்…"

"பில்லு பாஸாயிரும். அந்தம்மாளுக்கு?" மேடம் திரையைத் தொட்டுக் காட்டினார். "நாப்பத்தி மூணாம் பக்கத்தைப் படிச்சயா நீயி? அஞ்சு வயசுல கடலுக்கு நடுவால ஒரு தீவுல இருந்துருக்குது. எவனோ அணுகுண்டை வெடிச்சுப் பாத்துருக்கான். வானத்துல இருந்து வெள்ளையாச் சாம்பல் கொட்டியிருக்குது. கொழந்தைக அதை அள்ளி மேலெல்லாம் பூசி விளையாடிருக்குதுக. அன்னைக்கே தோலு உரிஞ்சுபோச்சு. இன்னைக்கு எழுபத்தாறு வயசுல கழுத்துல கேன்சர்."

சொல்லும்போதே மேடத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அணுகுண்டுக்கே தனியா நம்பர் இருக்குது. பட்டாளத்துக்காரனுக்கு ஒண்ணு, ஒண்ணும் அறியாத சனத்துக்கு ஒண்ணு. அதைப் போடாம உட்டா, நோவு தானா வந்த மாதிரி ஆயிரும். நாளைக்கு அந்தம்மா நியாயம் கேக்கப் போனா, கையில என்ன கண்ணு இருக்கும்?"

விஜயராணி 'ஆண்டவரே, மன்னியும்' என்று முனகிக்கொண்டே உட்கார்ந்து, அந்த நம்பரைத் தேடிப் போட்டாள்.

"காரணத்தை மட்டும் எப்பவும் உடக்கூடாது. அது பாவம்," என்றார் மேடம், அவள் தலையைத் தொட்டு.

இவ்வளவு நல்ல மனசா என்று விஜயராணி அன்றைக்கு மத்தியானம் சோறு தின்னும்போதுகூட நினைத்துக்கொண்டாள்.

டிபன் பாக்ஸைக் கழுவி வைக்கக்கூட இல்லை. கீழே மெஷின் சத்தம் அறுந்தது. ஓர் அலறல்.

எல்லாரும் படியிறங்கி ஓடினார்கள்.

துணியை அழுத்தித் தேய்க்கும் சூடான ரோலருக்குள், அதை ஓட்டும் பையன் மாரிச்செல்வத்தின் வலது கை போய்விட்டிருந்தது. இழுத்து எடுத்து, பனியன் வேஸ்ட்டைச் சுற்றியிருந்தார்கள். வெள்ளைத் துணி சிவந்துகொண்டே வந்தது. ரோலருக்கு முன்னால் இருக்க வேண்டிய கம்பித் தடுப்பு சுவரோரம் சாத்திக் கிடந்தது. வேகமாக ஓட்டுவதற்கு இடைஞ்சல் என்று போன மாதம் கழற்றியது.

"மூணு விரலு போயிருச்சுங்க," என்றார் சூப்பர்வைசர் கன்னையன்.

மேடம் அழுதுகொண்டே ஓடி வந்து, சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தார். "ஒண்ணும் ஆகாது சாமி. செலவு பூரா நாங்க பாத்துக்கறோம்."

பிறகு விஜயராணியைத் தனியாக இழுத்தார்.

"நீயும் கூடப் போ கண்ணு. ஆஸ்பத்திரிக்காரங்க பேச்சு உனக்குத்தான் புரியும்." குரல் இன்னும் தாழ்ந்தது. "எப்படி ஆச்சுன்னு கேட்டா, ஊட்டுல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிப்போடு. கேஸு, இன்ஸ்பெக்டருன்னு வந்தா கம்பெனியை மூட வேண்டியதுதான். உன்ற சம்பளமும் இதுலதான் வருது, நெனப்பு வெச்சுக்க."

விஜயராணி மேடத்தின் முகத்தையே பார்த்தாள். காலையில் நிறைந்த அதே கண்கள்தான். இப்போதும் ஈரமாகத்தான் இருந்தன.

காரில் மாரிச்செல்வம் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தான். "இந்தக் கைய வச்சு இனி என்னக்கா வேலை பாப்பேன்?"

முன் சீட்டில் கன்னையன் செல்போனில் மேடத்திடம் பேசிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நர்ஸ் ஒரு தாளை எடுத்தாள். பெயர், வயசு, ஊர். அடுத்து, "எப்படி அடிபட்டுது?"

கன்னையன் முந்திக்கொண்டார். "ஊட்டுலீங்க. கிரைண்டர்ல."

நர்ஸின் பேனா ஓட ஆரம்பித்தது. விஜயராணியின் கையில் செல்போன் அடித்தது. ஜெயபாரதி மேடம் என்று பெயர் மினுங்கியது. அவள் அதைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

"அதை அடிச்சிருங்க சிஸ்டர். பனியன் கம்பெனி ரோலர். தடுப்பு இல்லாத ரோலர்னு எழுதுங்க."

கன்னையன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "ஏம் புள்ள, உனக்குப் பைத்தியமா? இப்படிச் சொல்லச் சொல்லி எவ உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"நம்ம மேடம்தாண்ணே," என்றாள் விஜயராணி. "இன்னைக்குக் காலையிலதான்."