முன்னூற்றுப் பதினாறு லிட்டர்

டிக்கி 316 லிட்டர் என்று காரின் கையேட்டில் போட்டிருந்தது.

அவள் மறுபடி படித்தாள். தண்ணீர் ஊற்றியா அளந்திருப்பார்கள்?

படத்தில் அந்த டிக்கிக்குள் இரண்டு பெட்டி, ஒரு கால்பந்து, ஒரு பழக்கூடை. பக்கத்தில் கடற்கரையில் ஒரு குடும்பமே துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது. படத்திலுள்ள பொருட்கள் வண்டியோடு வராது என்று அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி.

யார் கேட்டார்கள் அந்தப் பந்தை?

சன்ரூஃப் எந்த மாடலில் உண்டு, எதில் கிடையாது, எல்லாம் இருந்தது. அவளுக்கு வேண்டியது மட்டும் இல்லை.

“சக்கர நாற்காலி எத்தனை லிட்டருங்க?”

விற்பனைப் பெண் சுகந்தி நாற்காலியை ஒரு பார்வை பார்த்தாள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள். அதற்கும் தெரியவில்லை.

நாற்காலியில் இருந்த கணவர் சிரித்தார்.

விபத்துக்குப் பிறகு எங்கே போனாலும் ஆட்டோதான். நாற்காலியைப் பின்னால் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்கும். இன்று ஷோரூமுக்கும் அப்படித்தான் வந்தார்கள். டிக்கியில் அடங்கினால் கார். இல்லையென்றால் அதே கயிறு.

“வச்சே பாத்துரலாமாங்கக்கா?” என்றாள் சுகந்தி.

மனைவி வழக்கம்போல் அவரைத் தூக்கி, காரின் முன் இருக்கையில் உட்கார வைத்தாள். நாற்காலியை மடக்கிப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

நிமிர்த்தி வைத்தார்கள். டிக்கிக் கதவு இறங்கவில்லை.

படுக்க வைத்தார்கள். சக்கரம் இடித்தது.

சுகந்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளேயே ஏறிவிட்டாள். டிக்கியின் மேல்தட்டை உருவி வெளியே போட்டாள். நாற்காலியைச் சாய்த்து, முட்டியால் ஒரு தள்ளு.

கீழே இறங்கிக் கதவை இழுத்தாள். மூடியது.

மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

சாப்பிடப் போயிருந்த இன்னொரு விற்பனையாளன் அப்போதுதான் உள்ளே வந்தான். முன் இருக்கையில் ஒரு வாடிக்கையாளர். விடுவானா?

“சார், உக்காந்தே இருந்தா எப்படிங்க சார்? இறங்கி ஒரு சுத்து நடந்து வந்து பாருங்க. வண்டியோட அழகே வெளியிலதான்.”

சுகந்தி பதறி ஓடப்போனாள். அவள் சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனை நாளாயிற்று, அவரை ஒருவர் நடக்கச் சொல்லி.

அவர் முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டார்.

“நடக்கலாம் தம்பி. என்ன அவசரம்?”

பின்னால் டிக்கியை யாரும் திறக்கவில்லை.